கெசியாவின் கல்லறை வளர்ந்த வருஷம்

"இந்தச் சுவருக்குள்ளே வந்த பிறகு ஒருத்தனும் ஒருத்தனைப் பார்த்து..." என்று தொடங்கி, ஆறுதல்புரம் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி முடித்த நாளில் பழைய குருவானவர் வேதமாணிக்கம் பேசிய பேச்சின் மீதியை ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஏங்க மாட்டான் என்றார் என்று சிலரும், எரிய மாட்டான் என்றார் என்று சிலரும், அன்றைக்கு மைக் செட் கெட்டுப்போய் அதற்குமேல் ஒன்றுமே கேட்கவில்லை என்று வாசல் பக்கம் நின்றவர்களும் சொல்வார்கள். அந்தச் சுவருக்குள், ஒடைமரம் நிற்கிற மூலையில், சொந்தக் குடும்ப இடம் இல்லாதவர்களைப் புதைக்கிற செம்மண் பகுதியில்தான் கெசியாவின் கல்லறை வளரத் தொடங்கியது.

கெசியா, பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அருமைநாயகத்தின் ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. அந்த வருஷ மழையில் ஊர்க்கிணற்றில் சாக்கடை கலந்து, தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டு, மற்றப் பிள்ளைகள் எல்லாம் கஞ்சி குடித்து எழுந்துவிட, இவள் மட்டும் எழவில்லை. தாய் எப்சிபா அப்போது தங்கையின் பிரசவத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தாள். நாயகம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போக, ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் மடியில் இருந்த சூடு இறங்கிவிட்டது. கேட் திறந்ததும் ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். எப்சிபா வந்து சேர்ந்தபோது பெட்டி மூடியிருந்தது. மண்மேட்டின் தலைமாட்டில் நாயகம் ஒரு மரச் சிலுவையை நட்டு, கடையில் டியூபுக்கு நம்பர் போடும் வெள்ளைப் பெயிண்டால் மகளின் பெயரை எழுதினான். சாயங்காலம் கடையை அடைத்ததும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

முதலில் மண்மேட்டைச் சுற்றி வெள்ளைக் கல்லில் ஒரு விளிம்பு வந்தது. சபை போட்டுக்கொடுத்தது என்று நாயகம் நினைத்தான். துபாயில் இருக்கிற மச்சான் யாரோ போட்டது என்று சபை நினைத்தது. பிறகு விளிம்பு படியானது, படி மேடையானது, மேடையின் நடுவே பூசணிக்கொடி பிஞ்சு விடுவது போல இரண்டு வெண்ணிறக் குதிகால்கள் முளைத்தன. குதிகாலிலிருந்து கணுக்கால், கணுக்காலிலிருந்து முழங்கால் என்று கல்லால் ஆன ஒரு தேவதூதன் கீழிருந்து மேலாக, அவசரமில்லாமல், யார் உளியும் படாமல் வளர்ந்துகொண்டிருந்தான். சபைக் கமிட்டி கூடி, அனுமதி பெறாத கட்டுமானம் என்று முதல் கூட்டத்தில் ஆட்சேபித்து, தானாக வளர்வதற்கு அனுமதி தேவையில்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதற்கடுத்த கூட்டத்தில் ஜெபம் பண்ணித் தேநீர் குடித்துக் கலைந்தது.

ஊர் சந்தோஷப்பட்டது, அல்லது தனக்குள் நடந்ததைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டது. பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். தூதனின் தொடை எழும்பிய வாரம் பேராயரே வந்து குடை பிடித்து நின்று பார்த்துவிட்டுப் போனார். எப்சிபாவுக்கும் நாயகத்துக்கும் கோயிலில் முதல் வரிசைப் பெஞ்சு கொடுக்கப்பட்டது. அதுவரை தூண் மறைக்கும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எப்சிபா, வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் நடந்துபோய் உட்காரப் பழகினாள். குழந்தையைத் தூக்கிவரும் பெண்கள் அதன் தலையை அவள் கைக்குள் வைத்து எடுத்தார்கள். நாயகம் கூச்சத்தில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தான். எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று பின்வரிசைகளில் பேசிக்கொண்டார்கள், பேசியவர்களுக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அதுவரை கல்லறைத் தோட்டத்தில் முதலில் கண்ணில் படுவது ராஜபுஷ்பத்தின் மாமியார் கல்லறைதான். கண்ணாடி போல மினுக்கிய கறுப்புக் கிரானைட், அதில் பதித்த கலர் போட்டோ, வாசலிலிருந்து அதுவரை சிமெண்டு நடைபாதை. ராஜபுஷ்பம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. கணவன் மும்பையில் கடை வைத்திருக்க, இரண்டு மாடி வீட்டில் மகள் லிடியாவோடு இருந்து, ஊரில் பாதிப் பேருக்குக் கவுன் தைத்துக் கொடுப்பவள். கெட்டவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை. இப்போது வருகிறவர்கள் அந்தச் சிமெண்டு நடைபாதையில் நடந்துவந்து, கிரானைட்டில் கைப்பையை வைத்து, செருப்பைச் சரிசெய்துகொண்டு, ஒடைமர மூலைக்குப் போனார்கள். ஒரு நாள் அவள் மாமியாரின் போட்டோவை முந்தானையால் துடைத்தபடி, "உங்களுக்கு எவ்வளவு செஞ்சோம், ஒரு இஞ்சாவது வளரப்படாதா அத்தை" என்று சாதாரணமாகக் கேட்டாள், பக்கத்துக் கல்லறையில் அதே கேள்வியைத் தன் தகப்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தவர் தலையாட்டினார்.

அந்த வருஷம் ஆறுதல்புரத்தில் செத்தவர்கள் எல்லாரும் திட்டு வாங்கினார்கள். சபைக்கு மணி வாங்கிக்கொடுத்த தாத்தாக்கள், மிஷன் பள்ளிக்கு நிலம் எழுதிவைத்தவர்கள், பிரசங்கத்திலேயே உயிர் விட்ட உபதேசியார், எல்லாருடைய கல்லும் போட்டது போட்டபடி கிடந்தது. சிலர் கொத்தனாரை வைத்து ஒரு வரிசை ஏற்றினார்கள், ஏற்றிய வரிசை மறுநாள் காலையில் கழன்று புல்லில் கிடந்தது. படுக்கையில் இருந்த கிழவர்கள், தாங்கள் போனாலும் இப்படி ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று பிள்ளைகளின் முகத்தில் படித்து, வெட்கப்பட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பஞ்சர் கடைக்காரன் மகளுக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை என்பதை ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டு ஆளுக்கு ஒரு விதமாக விழுங்கி முடித்தபோது, பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைத்தது. நாம் கொடுத்தது கிழடுகளை. அவர்கள் கொடுத்தது பிள்ளையை.

அதற்குப் பிறகு ஊர் தன் பிள்ளைகளைப் பார்த்த பார்வை மாறியது. யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், யாரும் யார்மேலும் கை வைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டை ஒதுக்கும் பிள்ளையைப் பார்த்து "கெசியான்னு நினைப்போ" என்றார்கள், மரத்திலிருந்து விழுந்து முழங்கால் சிராய்ப்போடு திரும்பி வந்த பையனைப் பார்த்து "இவனெல்லாம் எங்கே" என்று பெருமூச்சு விட்டார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் செய்யும் ஜெபம் ஆராதனையின் ஒழுங்கிலிருந்து எப்போது விட்டுப்போனது என்று பின்னால் யோசித்தபோது யாருக்கும் தெரியவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் ராஜபுஷ்பம் அடுத்தவனுடையதை இச்சிக்காதே என்கிற பத்தாம் கட்டளையை நடத்தினாள். அடுத்தவன் வீடு, அடுத்தவன் மனைவி, அவன் மாடு, அவன் கழுதை என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிவரும்போது கல்லறை என்று எங்கேயும் இல்லை என்பதைக் கண்டுகொண்டு அவள் மனம் லேசானது. முடிவில் அடுத்தவனுக்குள்ள வேறெதையும் என்று வருவதைப் பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

லிடியா ஒரு நாள் காற்று அடிக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாயகத்தின் கடைக்கு வந்தாள். கெசியாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள்.

"மாமா, கெசியா என்ன செஞ்சா?"

"எப்ப மக்களே?"

"சாகதுக்கு முன்னால. எத்தனை வசனம் மனப்பாடம் சொல்லுவான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா."

நாயகம் பம்பை நிறுத்தினான். "அவளா? ஒரு வசனத்தையும் முழுசாச் சொல்ல மாட்டா. சாக்பீஸைக் களவாண்டுட்டு வந்து வீடு பூரா கிறுக்குவா. எங்கிட்ட அடி வாங்குவா."

லிடியா அதை மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். "நான் களவாண்டதே இல்ல. அப்ப எனக்கு அவளைவிடப் பெருசால்லா வரணும்."

"யாரு சொன்னா உனக்கு இதெல்லாம்?"

"அம்மாதான். நான் எல்லாத்துலயும் ரெண்டாவதாவே வாரேனாம்."

அன்றைக்கு நாயகம் கடப்பாரையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பட்டப்பகலில், அதற்குள் இடுப்புவரை வளர்ந்திருந்த தூதனை முழுக்க உடைத்து நொறுக்கினான். தகப்பன் துக்கம், விடுங்கள் என்று ஊர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இடுப்பு திரும்ப வந்து, மார்பும் வந்து, இறக்கையின் வேர்களும் வந்துவிட்டன. உடைத்தால் இரண்டு மடங்கு வளர்கிறது, அவன் கை ராசி அப்படி என்றார்கள். இப்போது தூதனின் முகத்துக்காகக் காத்திருந்தார்கள். மகள் கிடக்கும் இடம் எதுவென்று நாயகத்துக்குத் தெரியாமல் போனது அந்த நாட்களில்தான். மேடை நாலு பக்கமும் விரிந்து, பக்கத்துக் கல்லறைகளை முழங்கையால் இடிப்பது போல இடித்து ஒதுக்கி, தலைமாடு எது கால்மாடு எது என்று சொல்ல முடியாமல் ஆகி, அவன் சாயங்காலம் போய் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் அவனோடு படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார்.

முகம் வந்தது. அது கெசியாவின் முகம் இல்லை. யாருடைய முகமும் இல்லை. கன்னம் உப்பிய, மூக்கு எடுப்பான, கடைகளில் விற்கிற கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளில் இருப்பது போன்ற ஒரு முகம்.

"எப்சி, நாம போயிருவோம்," என்றான் நாயகம். "கோவில்பட்டில ஒரு கடை பாக்கேன்."

"எம்பிள்ளைய இங்க விட்டுட்டா?"

"அங்க நிக்கது உம்பிள்ளையா? மூஞ்சியப் பாத்தியா நீ?"

"ஏன், நெத்தி அப்படியே இருக்கு." எப்சிபா புடவைக்குக் கஞ்சி பிழிந்துகொண்டிருந்தாள். "பொறந்ததுலேர்ந்து இந்தச் சபையில என்னைய எவளாவது ஏன்னு கேட்டிருப்பாளா? எம்பிள்ளை கேக்க வச்சிருக்கா. கடைசியா அவ மூஞ்சியக்கூட எனக்குக் காட்டலை நீங்க, பெட்டிய மூடிட்டிய. இதையும் பிடுங்காதிய."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் முதல் பெஞ்சைவிட்டுக் கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தான். மறுவாரமே கடைசிப் பெஞ்சுக்கு இடம்பிடிக்கப் போட்டி வந்தது, அவன் முதல் பெஞ்சுக்கே திரும்பினான்.

இறக்கைகள் விரிந்து முடிந்த பிறகு தூதன் வளரவில்லை. அவன் காலடியில், வலது பக்கம், வெறும் செம்மண்ணில் புதிதாக ஒரு வெள்ளைக்கல் விளிம்பு எழும்பியது. உள்ளே மேடு இல்லை, பெயர் இல்லை, ஆள் இல்லை. நீளவாக்கில் பார்த்தால் ஒரு சிறு பிள்ளை படுக்கும் அளவு. அன்றைக்கு தாய்மார்கள் வந்து பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவர்களில் பலர் அதைப் பார்த்துப் பயந்தார்கள் என்பதும், பயந்ததற்காகத் தங்கள் விசுவாசத்தைப் பற்றி வெட்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. ராஜபுஷ்பம் இடுப்பில் செருகியிருந்த தையல் டேப்பை எடுத்து விளிம்பின் நீளத்தை அளந்தாள். வீட்டுக்குப் போய், புதுக் கவுனுக்கு என்று சொல்லி, லிடியாவை நிமிர்ந்து நிற்கச் சொன்னாள்.

குளிர் மாதத்தில் லிடியாவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கி, கண் சொருகும் காய்ச்சலாக மாறியது. ராஜபுஷ்பம் டாக்டரைக் கூப்பிடவில்லை, பெண்கள் ஐக்கியத்தைக் கூப்பிட்டாள். ஊர்ப் பெண்கள் கூடத்தில் பாய் விரித்துப் பாடிக்கொண்டிருக்க, புதுக் கவுனை உடுத்தி, தலைக்கு ரிப்பன் கட்டி, பிள்ளையை நடுவில் கிடத்தியிருந்தார்கள். நாயகம் உள்ளே வந்தபோது பாட்டு நிற்கவில்லை.

"மதினி, பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"கர்த்தர் சித்தம் எப்படியோ அப்படி ஆகட்டும் அண்ணாச்சி," என்றாள் ராஜபுஷ்பம். அவள் கண் கலங்கியிருந்தது, முகம் பொலிவாக இருந்தது. "நாங்க பூரணமா ஒப்புக்கொடுத்துட்டோம்."

"உடம்பு கொதிக்கு. கையைத் தொட்டுப் பாருங்க."

"கெசியாவுக்கும் இப்படித்தானே கொதிச்சிருக்கும்?"

"நான் அவளத் தூக்கிட்டு ஓடினேன் மதினி. வழியில கேட்டு அடைச்சிருந்துது. நான் ஒண்ணும் ஒப்புக்கொடுக்கலை."

பாட்டு அடுத்த சரணத்துக்குப் போனது. லிடியா கண்ணைப் பாதி திறந்து, "மாமா, விட்டுருங்க, இன்னும் கொஞ்சந்தான்" என்றாள். நாயகம் குனிந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, டிவிஎஸ் வண்டியில் முன்னால் உட்காரவைத்து, துண்டால் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டினான். அன்றைக்கு ரயில்வே கேட் திறந்திருந்தது. லிடியா பிழைத்தாள்.

பிழைத்துத் திரும்பி வந்தவளை வீட்டு வாசலில் வைத்து ராஜபுஷ்பம் மேலும் கீழும் பார்த்து, "உனக்கு அதுக்கும் கொடுத்துவைக்கலை" என்று சொல்லிவிட்டு, சோறு போட உள்ளே போனாள்.

ஊர் நாயகத்தைப் பற்றிப் பேசியதை அவன் கடையில் இருந்தபடியே கேட்டான். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் குரலைத் தாழ்த்தவில்லை. "தனக்கு மட்டும் இருக்கணும். இன்னொருத்தருக்கு வந்தா இவன் மவுசு குறைஞ்சுரும்லா." கடைசியில் குருவானவரே வந்தார், அவர் இளைஞர், நல்லவர், நாயகத்தைப் பக்கத்துத் தேநீர்க்கடைக்கு அழைத்துப்போய்த் தோளில் கை போட்டுப் பேசினார்.

"நாயகம், ஆண்டவர் உனக்கு ஒண்ணைக் கொடுத்திருக்காரு. இன்னொரு குடும்பத்துக்கும் கொடுக்க நினைச்சா, நாம குறுக்க நிக்கலாமா? பொறாமை பொல்லாதது. ஜெபம் பண்ணு."

"சரிங்கய்யா," என்றான் நாயகம்.

மறுநாள் ஞானாபரணம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் கோயில்பிள்ளை, மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, குழி வெட்டுவது எல்லாம் அவர் வேலை. ஊரில் நாயகத்தோடு பழையபடி பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

"ராஜபுஷ்பம் வந்து சொல்லிட்டுப் போறா. அந்த விளிம்புக்குள்ள இப்பவே மண்ணைக் கிளறிப் போட்டு வைக்கணுமாம். பிறகு இறுகிரும்னு."

"அந்தப் பிள்ளை சொகமாயிட்டுல்லா."

"அடுத்த காய்ச்சலுக்கு." ஞானாபரணம் டியூபை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். "அவ மட்டுமா? இன்னும் ரெண்டு மூணு பேரு வந்து எடத்தைக் கேட்டுட்டுப் போயிருக்காளுவ. ஆரு பிள்ளை முந்துதோ."

"நான் என்னதான் செய்ய, அண்ணாச்சி?"

"நீரு எதைச் செஞ்சாலும் அதுவும் உமக்கு மகிமையாப் போகுதே வே. இடிச்சீரு, வளந்துச்சு. பின்னால போய் இருந்தீரு, தாழ்மைன்னானுவ. ஊரைவிட்டே போனாலும், துறந்துட்டுப் போனாருன்னு அதுக்கும் ஒரு விளிம்பு முளைக்கும். உம்மைப் பாத்து, இவனா நாம இருக்கக்கூடாதான்னு ஒருத்தனும் நினைக்காம இருக்கணும்னா, நீரு என்னவா ஆகணும்? அதைச் சொல்லும் பாப்போம்." குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இங்க பாரும், ஓட்டை" என்றார்.

நாயகம் ஓட்டையை உரசி, பசை தடவி, காயும்வரை ஊதி, ஒட்டுத் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொடுத்தான். அவர் போன பிறகும் சுத்தியல் கையிலேயே இருந்தது. தெருவில் லிடியா பள்ளிக்கூடப் பையோடு போனாள். காய்ச்சலில் முடி கொட்டியிருந்தது. அவனைப் பார்த்ததும், தனக்கு வர இருந்ததைத் தட்டிப்பறித்தவனைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது எப்சிபா வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்திருந்தாள். நாளைக்கு மதுரையிலிருந்து ஒரு வேன் வருகிறதாம், ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்களாம். தனக்கு நாக்கு குழறும், நீங்கள்தான் பேச வேண்டும் என்றாள். சோறு போட்டாள். மகள் போன பிறகு முதல் முறையாக அவனுக்கு மீன்முட்டை பொரித்து வைத்திருந்தாள், அவன் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசுவியளா?"

"பேசுதேன்," என்றான்.

இவனாக நாம் இருக்கக்கூடாதா என்று இனி ஒருத்தனும் நினைக்காமல் இருக்க, நாளைக்கு முதல் பெஞ்சில் எப்சிபாவின் பக்கத்திலிருந்து எழுந்து, கெசியாவுக்கு வாந்தியும் இல்லை, பேதியும் இல்லை, பாலில் எலிமருந்தைக் கலந்து நான்தான் கொடுத்தேன் என்று சபைக்கு முன்னால் சொல்வது என்று அருமைநாயகம் முடிவு செய்தான்.